ஓவும் உம்மும் சிஸ்டரும்

மைசூரில் 'அல்லது' என்ற சொல்லை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. அது எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடி. காரணம், சிஸ்டர்.

சிஸ்டருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் அது அச்சாகியும் இருந்தது. ஆனால் அந்த அட்டை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே தொங்கும் என்பதால், ஐந்து வருஷத்தில் நான் அதைப் படித்ததில்லை. சேர்ந்த முதல் நாள் எங்கள் மேலாளர் லோகேஷ் அவரை அழைத்து வந்து, "இவ்ரு பதினாலு வருஷம் ஆஸ்பத்ரெல நர்ஸ் ஆகி இருந்த்ரு. இனிமே நம்ம சாஃப்ட்வேர டெஸ்ட் பண்றாரு, அல்வா?" என்று அறிமுகம் செய்தார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் சிஸ்டர். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவரைக் கன்னியாஸ்திரி என்றே நினைத்துக்கொண்டு, மூன்று மாதம் அவர் எதிரில் சத்தமாகச் சிரிக்காமல் இருந்தாள். பக்கத்து ஊரான நஞ்சன்கூட்டில் சிஸ்டருக்குக் கணவரும் கல்லூரிக்குப் போகும் மகளும் இருப்பது தெரிந்த அன்று, மூன்று மாதச் சிரிப்பையும் ஒரே மதியத்தில் சிரித்துத் தீர்த்தாள்.

லோகேஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைசூர்க்காரர், நல்ல மனிதர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார். ஒவ்வொரு வாக்கியமும் 'அல்வா?' என்று முடியும். கன்னடத்தில் அதற்கு 'அல்லவா' என்று பொருள். எங்களுக்கோ நாள் முழுவதும் அவர் அல்வா கொடுத்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும்.

நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம். எந்தக் கட்டிலில் எந்த நோயாளி, எந்த நேரத்துக்கு என்ன மருந்து என்பதையெல்லாம் நர்சுகள் கையிலிருக்கும் 'டேப்' என்ற சின்னத் தொடுதிரையில் காட்டுவதுதான் எங்கள் சரக்கு. அதற்குக் கோட் எழுதியவன் நான். பதினாறு வருஷமாக எழுதுகிறவன். ரயில்வேயில் வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து, தப்பை ஒப்புக்கொள்ளாத குணம். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதுகு வலியால் நர்ஸ் வேலையை விட்டவர் சிஸ்டர் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாராம். மகள் பாதியில் விட்டுவிட்டாள். இவர் விடவில்லை. அதில் அவரைப் பிடித்துக்கொண்டது ஆபரேட்டர்கள் பற்றிய அத்தியாயம். 'மற்றும்', 'அல்லது', 'அல்ல' ஆகிய மூன்றை வைத்துத்தான் கம்ப்யூட்டர் எதையும் முடிவு செய்கிறது என்று படித்ததும், மனிதர்கள் மட்டும் ஏன் இந்த மூன்றையும் இவ்வளவு அலட்சியமாகப் பேசுகிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் தணிவதற்குள் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

முதலில் அகப்பட்டது விடுமுறைப் படிவம். 'காரணம்: உடல்நலக் குறைவு அல்லது குடும்ப நிகழ்ச்சி. ஒன்றை டிக் செய்யவும்' என்று அதில் இருந்தது. அந்த வாரம் சிஸ்டருக்குக் காய்ச்சல். அதே நாளில் சொந்த ஊரான ராமாபுரத்தில் தம்பி மகளுக்குக் கல்யாணம். படிவத்தை எடுத்துக்கொண்டு மனிதவளப் பிரிவு அம்மாவிடம் போனார்.

"ஏனுங்க, இந்த 'அல்லது' எந்த 'அல்லது'ங்க?"

"எந்த அல்லதுன்னா?"

"ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும், ரெண்டுமே இருந்தாலும் சரிங்கற அல்லதா? இல்லே, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கவே கூடாதுங்கற அல்லதா? கம்ப்யூட்டர்ல அது ரெண்டுக்கும் வேற வேற குறி வச்சிருக்காங்க. எனக்குக் காச்சலும் இருக்குது, கல்யாணமும் இருக்குது. ஒண்ண மட்டும் டிக் பண்ணுனா இன்னொண்ணப் பத்திப் பொய் சொன்னாப்பல ஆயிடுமுங்க."

காய்ச்சலோடு ஏன் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. சிஸ்டர் கேள்வி கேட்டால் யாருக்கும் பதில் கேள்வி தோன்றாது. அடுத்த வாரம் புதுப் படிவம் வந்தது. அதில் மூன்றாவதாக ஒரு கட்டம்: 'இரண்டும்.' இன்றைக்கும் அந்தக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்த ஒரே ஆள் சிஸ்டர்தான்.

அடுத்து அகப்பட்டவன் நான். சர்வர் அறைக்குள் அவரை முதல்முறை அனுப்பும்போது, "உள்ள செருப்பும் தண்ணி பாட்டிலும் கொண்டு போகக்கூடாது, சிஸ்டர்" என்று சொல்லியிருந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், லட்சக்கணக்கான மருந்துச் சீட்டுகளைச் சுமந்துகொண்டிருக்கும் இயந்திரத்தின் தலைமேல், மூடி திறந்த ஒரு லிட்டர் பாட்டில்.

"சிஸ்டர்! பாட்டில்!"

"செருப்பக் கழட்டி வெளிய வச்சிட்டனுங்களே."

"செருப்பும் பாட்டிலும் கூடாதுன்னேனே!"

"ரெண்டும் சேந்து கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. நான் ஒண்ணுதானே கொண்டாந்தேன்?"

பாட்டிலை எடுத்தேன். மூடினேன். கையில் பிடித்தபடி, "அப்போ எப்படிச் சொல்லணும்?" என்றேன். அதுதான் நான் செய்த தவறு.

"'செருப்போ பாட்டிலோ கொண்டாரக்கூடாது'ன்னு சொல்லோணுமுங்க. கடைசில 'கூடாது' வந்தா 'உம்' எல்லாம் 'ஓ'வா மாறிடோணும். கோட்ல இத நீங்க சரியா எழுதறீங்க. வாயிலதான் விட்டுடறீங்க."

அன்றிலிருந்து வீட்டில்கூட அளந்து பேச ஆரம்பித்தேன். "குழம்புல உப்போ காரமோ வேண்டாம்" என்று மனைவியிடம் மிகச் சரியாகச் சொல்லி, ஒரு வாரம் இரண்டும் இல்லாத குழம்பைச் சாப்பிட்டேன். எண்ணெய்ப் பலகாரம் தின்று வந்த வயிற்று வலிக்காக நான் சொன்னது அது. டாக்டர் குறைக்கத்தான் சொல்லியிருந்தார். சிஸ்டரின் இலக்கணத்தில் குறைப்பதற்கு இடம் இருக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு வேளையில் சிஸ்டர் கணவருக்குப் போன் செய்வார். உலகத்திலேயே மிகக் குறுகிய தாம்பத்திய உரையாடல் அதுவாகத்தான் இருக்கும்.

"வீட்டுல இருக்கறீங்களா? இல்லீங்களா? சரி." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

ஒருநாள் பொறுக்காமல், "அடுத்து என்ன கேக்க இருந்தீங்க சிஸ்டர்?" என்றேன்.

"துணி காயப்போட்டீங்களான்னு. வீட்டுலயே இல்லாத ஆளக் கேட்டு என்னங்க பண்றது? 'மற்றும்' போட்ட கேள்வில மொதலுக்கு 'இல்லை'ன்னு வந்துட்டா கம்ப்யூட்டர் ரெண்டாவதப் பாக்கவே பாக்காது. நாம மட்டும் எதுக்குப் பாக்கோணும்?"

அன்று சாயங்காலம் நஞ்சன்கூட்டில் மழை. அவர் கணவர் துணியைக் காலையிலேயே காயப்போட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார். அதைச் சொல்லி, பக்கத்து வீட்டில் எடுத்து வைக்கச் சொல்லலாமா என்று கேட்பதற்குள் இவர் போனை வைத்துவிட்டார். அங்கே மழை விடாததால், நனைந்த துணி மொத்தமும் மறுநாள் எங்கள் அலுவலக மொட்டை மாடியில் காய்ந்தது.

இப்படி நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்த நாட்களில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

மைசூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் மென்பொருளை எடுத்துக்கொள்வதாக இருந்தது. புதன்கிழமை காலை அங்கிருந்து நர்சிங் கண்காணிப்பாளர் பார்க்க வருகிறார். அவர்களுக்காகவே நான் புதிதாக ஒரு வசதி எழுதியிருந்தேன். ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை யாராவது கொடுக்கப் போனால் டேபில் மணி அடிக்கும். 'எச்சரிக்கை' என்று சிவப்பில் வரும். 'சரி' என்று அழுத்தினால்தான் மேலே போக முடியும். சோதித்துப் பார்த்துவிட்டு சிஸ்டர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கள் அலுவலக விதி. அந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

சிஸ்டர் கையெழுத்துப் போடவில்லை.

"ஏன் சிஸ்டர்?"

"மணி ரொம்ப அடிக்குதுங்க."

"அடிக்கட்டுமே! அடிக்காம விட்டாத்தானே ஆபத்து?"

சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றையும் எட்டுக் குழி இருக்கும்படி கத்தரித்து வைத்திருந்தார். சில குழிகளில் காகிதம் கிழிந்து ஓட்டையாக இருந்தது. சிலவற்றில் மாத்திரை உள்ளேயே இருந்தது. இரண்டு அட்டைகளை எடுத்தார்.

"இது நோயாளி. மொத குழி பென்சிலின் வகை, ரெண்டாவது சல்பா வகை, மூணாவது வலி மாத்திரை வகை. எது ஒத்துக்காதோ அங்க ஓட்டை. இந்த ஆளுக்குப் பென்சிலின் ஒத்துக்காது, மொத குழி ஓட்டை. சரிங்களா? இது மருந்து. வலி மாத்திரை, அதனால மூணாவது குழி ஓட்டை. இந்த மாத்திரைய அந்த ஆளுக்குக் குடுக்கலாமுங்களா?"

"தாராளமா."

"உங்க கோட் என்ன கேக்குதுன்னா, 'இந்த அட்டையில எங்கியாச்சும் ஓட்டை இருக்குதா? இருக்குது. அந்த அட்டையில எங்கியாச்சும் ஓட்டை இருக்குதா? இருக்குது. அப்ப அடி மணிய'ன்னு கேக்குது. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கவே இல்ல."

அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டை நோக்கிப் பிடித்தார். எந்தக் குழியிலும் வெளிச்சம் வரவில்லை. "ரெண்டுலயும் ஒரே எடத்துல ஓட்டை இருந்தாத்தானுங்க வெளிச்சம் வரும். வந்தா மட்டும் அடிக்கோணும். நீங்க '&' ஒண்ணு போட வேண்டிய எடத்துல ரெண்டு போட்டிருக்கீங்க."

உங்களுக்கு இதில் கம்ப்யூட்டர் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்த மொழியில் 'மற்றும்' என்பதற்கு இரண்டு குறிகள் உண்டு. '&&' என்று இரட்டையாகப் போட்டால், இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று மொத்தமாகப் பார்க்கும். ஒற்றையாகப் போட்டால் குழி குழியாக ஒத்துப் பார்க்கும். நான் இரட்டையாகப் போட்டிருந்தேன். ஆக, எதுவோ ஒன்று ஒத்துக்கொள்ளாத ஒவ்வொரு நோயாளிக்கும், அந்த எட்டு வகையில் எந்த மருந்து கொடுத்தாலும் மணி அடிக்கும்.

அட்டையில் வெளிச்சம் வராததைப் பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அப்பாவின் சொத்து குறுக்கே வந்து நின்றது.

"கூடுதலா எச்சரிச்சா யாரும் சாகப் போறதில்ல சிஸ்டர். இது பாதுகாப்பான தப்பு" என்றேன்.

லோகேஷும் வந்து சேர்ந்தார். "பேஷண்டுக்கு ஒள்ளேதுதானே, அல்வா? டெமோ முடியட்டும். ஆமேலெ நோடோணா." நோயாளிக்கு நல்லதுதான், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வந்ததும் வராததுமாக என் எதிரில் நின்றார்.

"சார், உங்களுக்கு அரை மணி நேரம் இருக்குதுங்களா? இன்னிக்கு நீங்கதான் நர்சு."

கூட்ட அறைக்குள் என் கையில் டேபைக் கொடுத்தார். ஏதாவது ஒரு வகை ஒத்துக்கொள்ளாத முப்பது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததாகப் பதிவு செய்ய வேண்டும், அரை மணி நேரத்துக்குள். அவ்வளவுதானா என்று நினைத்தேன். அவ்வளவு இல்லை. மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு லோகேஷைப் படுக்க வைத்தார். "நீங்க அறுவை சிகிச்சை முடிஞ்ச ஆளு. முனகுங்க" என்றார். லோகேஷ் முனகினார். நடிப்பில் அவருக்கு இப்படி ஒரு திறமை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் ஆரம்பித்தேன். முதல் நோயாளி. மணி. 'சரி.' இரண்டாவது நோயாளி. மணி. 'சரி.' மூன்றாவதில் சிஸ்டர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார்.

"சிஸ்டர்! தண்ணி!"

திடுக்கிட்டுப் பார்த்தேன். என்னைத்தான் கூப்பிடுகிறார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். மணி. 'சரி.'

"சிஸ்டர், ஜன்னலச் சாத்துங்க, குளுருது!"

"அய்யோ, அம்மா, நோவு!" இது லோகேஷ்.

"சிஸ்டர், எம்மவன் வந்தானா? போன் போட்டுப் பாருங்க!"

மணி. 'சரி.' மணி. 'சரி.' மேசைமேல் இருந்த தொலைபேசி வேறு அடித்தது. யாரென்று எடுத்தால், எதிர்மூலையில் நின்றுகொண்டு சிஸ்டரேதான் தன் கைபேசியில், "எங்க மாமனாரு அங்க அட்மிட் ஆயிருக்காருங்களா?" என்கிறார். ஒரு கட்டத்தில் என் பெருவிரல் என்னைக் கேட்காமலே 'சரி'யை அழுத்தக் கற்றுக்கொண்டது. அதன்பிறகு வேலை மளமளவென்று ஓடியது.

"முப்பது பேர்! இருபத்தெட்டு நிமிஷம்!" என்று வெற்றியோடு டேபை மேசைமேல் வைத்தேன்.

சிஸ்டர் கை கட்டிக்கொண்டு நின்றார். "பத்தொம்பதாவது ஆளு யாருன்னு பாருங்க."

பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். பெயர்: சேகர். வயது: நாற்பத்திரண்டு. ஒத்துக்கொள்ளாதது: சல்பா. கொடுத்த மருந்து: சல்பா. எச்சரிக்கை வந்திருந்தது. 'சரி' என்று அழுத்தியிருந்தேன்.

சேகர் என்பது நான்.

"போன வருஷம் இதே மாத்திரையில உதடு வீங்கி, மூஞ்சி செவந்து வந்து நின்னீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

நாற்காலிகளிலிருந்து லோகேஷ் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். "சேகர் ஹோகிபிட்ரா?" போய்விட்டாரா என்று அவருக்குக் கவலை.

யாரும் சிரிக்கவில்லை. என் சொந்தப் பெயரைக்கூட நான் படித்திருக்கவில்லை. அந்தத் திரையில் மற்ற இருபத்தொன்பது பெயர்களையும் நான் படித்திருக்கவில்லை.

சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் முதுகு வலின்னு சொன்னது சும்மாங்க. எங்க வார்டுல மணி ஓயாம அடிச்சுட்டே இருக்கும். மூச்சளவு பாக்க விரல்ல மாட்டுன கிளிப்பு நழுவுனா அடிக்கும். ஆளு பெரண்டு படுத்தா அடிக்கும். மொதல்ல ஓடுவோம். அப்பறம் நடப்போம். அப்பறம் போற வழியில பட்டன அமுக்கிட்டுப் போயிடுவோம். ஒரு நாளு ஒரு டெய்லருக்கு அடிச்சுது. கிளிப்புதான் நழுவிருக்கும்னு அமுக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். கிளிப்பு நழுவலீங்க. மூச்சுத்தான் நழுவிட்டு இருந்துச்சு."

லோகேஷ் எழுந்து உட்கார்ந்தார்.

"பொழச்சுட்டாருங்க. இன்னொரு நர்சு பாத்துட்டா. மூணு நாளு தீவிர சிகிச்சையில கெடந்து எந்திரிச்சு வந்தாரு. என்னய யாரும் ஒண்ணும் சொல்லல. நான் அமுக்கிட்டுப் போனது யாருக்கும் தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போற அன்னிக்கு அந்த டெய்லரு என்னயத் தேடி வந்து, 'நல்லாப் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்'ன்னு ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாரு." மேசைமேல் இருந்த டேபைக் கவிழ்த்து வைத்தார். "அந்தக் கும்பிடுதானுங்க என்னால தாங்க முடியல. அடுத்த மாசமே வேலைய விட்டுட்டேன்."

ஐந்து வருஷமாக 'ஓ'வுக்கும் 'உம்'முக்கும் எங்களோடு அவர் போட்ட சண்டையெல்லாம் அப்போது ஒரு நொடியில் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பாதி கவனத்தோடு பேசுகிறவர்களையும் பாதி கவனத்தோடு கேட்கிறவர்களையும் பார்த்து அவர் பயந்துபோயிருந்தார். அதை நாங்கள் கிறுக்கு என்று பெயரிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

என் இடத்துக்குப் போனேன். அந்த வரியைத் தேடி எடுத்தேன். இரண்டு '&'களில் ஒன்றை அழித்தேன். ஒரே ஒரு தட்டு. திரும்பி வந்து, "தப்பு என்னுதுதான், சிஸ்டர்" என்றேன். பதினாறு வருஷத்தில் அலுவலகத்தில் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் திக்கியது.

சிஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரிங்க. மொதல்ல இருந்து பாத்துடலாம்" என்று அட்டைகளை அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு வகை நோயாளிக்கும் எட்டு வகை மருந்தையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அறுபத்துநான்கு ஜோடி. அதற்கு மேல் இரண்டு மூன்று வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு.

"ஒந்து எழுத்துக்கு இஷ்டு கலாட்டாவா?" என்று, ஒரே ஒரு குறிக்கு இவ்வளவு பாடா என்பதாக, லோகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவரும் அந்த நாற்காலிகளில் படுத்து எழுந்தவர்தானே. தொலைபேசியை எடுத்தார். எங்கள் கோடில் ஒரு தவறு இருந்தது, நாங்களே கண்டுபிடித்தோம், இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அன்று மாலை வரை லோகேஷ் யாருக்கும் அல்வா கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நர்சிங் கண்காணிப்பாளர் வந்தார். நரைத்த முடியை இழுத்துக் கட்டிய, அதிகம் பேசாத அம்மா. டேபைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். ஒரு நோயாளி, ஒரு மருந்து. அமைதி. இன்னொரு நோயாளி, இன்னொரு மருந்து. அமைதி. லோகேஷுக்கு வியர்த்தது. மணி அடிக்கிற வசதியைக் காட்டக் கூப்பிட்டுவிட்டு, மணியே அடிக்காவிட்டால்? பதினைந்து பதினாறு பேர் இப்படியே போனார்கள். பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மணி அடித்தது. அந்த அம்மாவின் விரல் அப்படியே நின்றது. திரையை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வார்டில் நின்ற யாரோ இதைப் பார்த்திருக்கிறார்கள்" என்றார் கன்னடத்தில்.

சிஸ்டரைக் காணோம். வந்தவரும் ஒரு நர்ஸ் என்பதால் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், பின்பக்கம் பான்ட்ரியில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் டம்ளர் கழுவ வேறு ஆள் உண்டு. நான் பான்ட்ரிப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த அம்மா எழுந்து அங்கே போனார். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. டம்ளர்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன.

அடுத்த ஆறு மாதத்தில் சிஸ்டர் வேலையை விட்டார். கணவர் ஓய்வு பெற்றார், மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. சிஸ்டரும் கணவரும் ராமாபுரத்துக்கே போய்விட்டார்கள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மறுபடி நர்சாகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிரிவுபசார விழாவில் லோகேஷ் பேச எழுந்து, "சிஸ்டர் போறது நமக்கு..." என்று ஆரம்பித்தவர், எந்தச் சொல்லைப் போட்டாலும் திருத்தப்படுமோ என்ற பயத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்று அங்கே பேசப்பட்டதிலேயே மிகச் சரியான பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் மூன்றாம் மாடியில் எல்லோரும் இஷ்டத்துக்குப் பேசினோம். கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு, யாராவது 'அல்லது' என்றால் திருத்த ஆளில்லாதது எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

போன மாதம் நான் ராமாபுரம் போனேன். மாதேஸ்வரன் மலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கொள்ளேகால் வழியாகப் பஸ் மாறி, மதியம் இரண்டு மணிக்குப் போய் இறங்கினேன். பத்துப் பன்னிரண்டு கட்டில் இருக்கிற ஆஸ்பத்திரி. வாசலில் வேப்பமரம், உள்ளே டெட்டால் வாசனை. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் சிஸ்டரின் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க சார், உடம்புக்கு என்னுங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." ஆகியிருக்கவில்லை.

"உக்காருங்க. ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு வழியாக வார்டு தெரிந்தது. கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் கஞ்சி வேண்டாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கரண்டியும் கையுமாக அவரிடம் ஏதோ சொன்னார். அவர் திருப்பி ஏதோ சொன்னார். சிஸ்டர் சிரித்தார். நன்றாக, தோள் குலுங்க, வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். ஐந்து வருஷம் நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பெரியவர் அந்தச் சிரிப்பில் ஏமாந்து வாயைத் திறந்துவிட்டார். கஞ்சி உள்ளே போனது.

நாலரை மணிக்கு, சிஸ்டரின் சுற்று முடிவதற்குள், மைசூர் பஸ் வாசலில் வந்து நின்றது. நடத்துனர் இரண்டு தடவை விசில் ஊதினார். நான் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையும் கேட்கவில்லை.